நெருப்பை வச்சுத் தண்ணியை ஜெயிச்ச கதை

அந்தப் பூதத்தை மாத்திரு பாப்பா. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பாக்குதாளேன்னு போனை மறைக்க வேண்டாம், நானும் இந்த ஆட்டம் ஆடுறவதான். உன் மரத்துக்கு எதிர்ல அவன் நெருப்பை நிறுத்தியிருக்கான். அப்படியே நின்னேன்னா எரிச்சிருவான். உங்கிட்டத் தண்ணி இருக்குல்ல, அதை எறக்கு. ம், இப்ப அமுக்கு. அடடா, அவனும் மரத்துக்கு மாத்திட்டானா. சரி விடு, போச்சு. நான் சொன்னது சரிதான், அவன் செஞ்சதுதான் தப்பு.

என் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டி. இன்சூரன்ஸ் ஏஜென்ட், இருபத்தொம்பது வருசமா. அவினாசிக்குப் போறேன், மக வீட்டுக்கு. திருப்பூர்ல எறங்கி வேற பஸ் பிடிக்கணும். நீயும் திருப்பூரா? அப்ப நல்லதாப் போச்சு, இன்னும் வாடிப்பட்டியே தாண்டல. பையை இப்படி என் காலுக்கிட்ட வச்சுக்கோ, நல்லா உக்காரு.

லெவல் நாலுன்னு போட்டிருக்கே, ஆட ஆரம்பிச்சு ஒரு வாரம் இருக்குமா? அதான் கேட்டேன். பூதக்களம் ஆடுறதுக்கு மொதல்ல அடிப்படை தெரியணும். நெருப்பு மரத்தை எரிக்கும், மரம் தண்ணியைக் குடிக்கும், தண்ணி நெருப்பை அணைக்கும். ஆளுக்கு மூணு பூதம், ஒரு நேரத்துல ஒண்ணுதான் களத்துல நிக்கும். அரை நிமிசத்துக்குள்ள நீயும் அமுக்கணும், எதிராளியும் அமுக்கணும். அடிக்கிறதா, பூதத்தை மாத்துறதா, கேடயம் பிடிக்கிறதான்னு. ரெண்டு பேரு அமுக்குனதும் ஒண்ணாத்தான் வெளிய தெரியும். சூட்சுமம் அங்கதான் இருக்கு. அவன் என்ன செய்வான்னு நான் நினைக்கணும். நான் அப்படி நினைப்பேன்னு அவன் நினைச்சிருப்பான்ல, அதையும் சேத்து நினைக்கணும். இதுக்குத்தான் மூளை வேணும்ங்கிறது. மிச்சமெல்லாம் அதிர்ஷ்டம். சின்ன அடி எப்பவும் படும், ஆனா உறைக்காது. பெரிய அடி பட்டா ஆளு காலி, ஆனா பத்துக்கு ஏழு தரம்தான் படும். எனக்கு அந்தப் படாத மூணுதான் அடிக்கடி வரும். அது என் ஜாதகம்.

ஆளைப் படிக்கிற வித்தை எனக்குத் தொழில்லயே வந்துருச்சு. ஒருத்தர் கேட்டைத் திறக்கிற தினுசுலயே, பாலிசி போடுவாரா இல்ல மோரைக் குடுத்து அனுப்பிருவாரான்னு சொல்லிருவேன். முழுசாத் திறந்து வாங்க வாங்கம்பாரு பாரு, அவரு போட மாட்டாரு. பாதி திறந்து நின்னு முகத்தைச் சுளிச்சுப் பேசுறவருதான் போடுவாரு. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசரு. அவருக்கு மட்டும் இத்தனை வருசத்துல ஒரு பாலிசி போட முடியல. அவரை இந்தக் கணக்குல சேக்கக் கூடாது.

எனக்கு ஒரே மக. உலகம்மைன்னு பேரு, உலகுன்னு கூப்பிடுவோம். கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. மாப்பிள்ளை தரணியும் அங்கதான். அவங்களாப் பாத்துக்கிட்டாங்க, நாங்களும் சரின்னுட்டோம். மாப்பிள்ளை வீடு அவினாசி. நல்ல மனுசங்க, வாயைத் திறந்தா ஒரு ஆயிரம் 'ங்க' போடுவாங்க. உலகு காலேஜ்ல படிக்கும்போதே இந்தப் பூதக்களத்தை நோண்டிக்கிட்டேதான் கிடப்பா. நான் திட்டாத நாள் கிடையாது. இதுவா சோறு போடும்னு கேப்பேன்.

கல்யாணம் முடிஞ்சு ஒரு ஆறு மாசம் கழிச்சு அவ வீட்டுக்குப் போறேன். ஹால்ல சோபால என் மகளும் அவ மாமியாரும் தோளோட தோளு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. சம்பந்தியம்மா பேரு கருணாம்பாள். என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. நான் மதினின்னு கூப்பிடுவேன், அவுக என்னைச் சம்பந்திங்கம்பாக. ஒரே போனை ரெண்டு பேரும் பிடிச்சிக்கிட்டு, 'அம்மிணி, இப்ப இதை மாத்திப் போடட்டுமா?' 'பொறுங்கத்தை, அவன் கேடயம் பிடிப்பான்.' ரெண்டு பேரும் சிரிக்காக. நான் வந்ததையே கவனிக்கல. வந்த பிறகு எந்திரிச்சாக, காபி போட்டாக, அதெல்லாம் குறை சொல்லக் கூடாது. ஆனா எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. உங்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எரிஞ்சுச்சு.

ஏன்னா, உலகு சின்னப் பிள்ளையா இருந்தப்ப நான் சாத்தூரு, எட்டயபுரம், கழுகுமலைன்னு பாலிசி பிடிக்க அலைஞ்சவ. காலைல அவ எந்திரிக்கும்போது கிளம்பிருவேன், பள்ளிக்கூடம் விட்டு அவ வந்தா பக்கத்து வீட்டு அக்காதான் தலை பின்னி விடுவாக. அவகூட நான் சேந்தாப்ல மூணு மாசம் வீட்ல இருந்தது கிடையாது. இன்னொருத்தி தோள்ல அவ சாஞ்சு உக்காந்திருந்ததைப் பாத்ததும் என்னால தாங்க முடியல.

திரும்பி வரும்போது பஸ்லயே பூதக்களத்தை ஏத்திட்டேன். மூணு மாசம். சாமத்துல எந்திரிச்சு ஆடுனேன்லாம் சொல்ல மாட்டேன், மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆடுவேன், பாலிசிக்காரர் வீட்டு வாசல்ல காத்துக்கிட்டு இருக்கும்போது ஆடுவேன். என் நெருப்புப் பூதத்துக்குத் தீப்பெட்டின்னு பேரு வச்சேன். தண்ணிக்கு லாரித்தண்ணி. மரத்துக்கு வேலிக்கருவைன்னு வச்சேன், எங்க ஊர்ல வேற என்ன மரம் இருக்கு. நல்லாத் தேறுன பிறகு சம்பந்தியம்மாவுக்கு அழைப்பு அனுப்பினேன், வாங்க மதினி ஒரு ஆட்டம் போடுவோம்னு.

கேளு பாப்பா, அதுக்கப்புறம் இந்த ஒரு வருசத்துல நானும் அவுகளும் நாப்பத்தோரு ஆட்டம் ஆடியிருக்கோம். முப்பத்தெட்டு ஆட்டம் நான் ஜெயிச்சிருக்கேன். மிச்சம் மூணுல ரெண்டு தரம் எனக்குச் சார்ஜ் போயிருச்சு, ஒரு தரம் மிக்சி கீழ விழுந்து எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டாரு. நான் நெருப்பை நிறுத்துனா அவுக மரத்தைக் கொண்டுவந்து விடுவாக. நான் தண்ணியை நிறுத்துனா நெருப்பை விடுவாக. அவுக நினைக்கிறது எனக்கு அப்படியே தெரிஞ்சிருது. ஒரு நாள் உலகு போன்ல, 'அம்மா, அத்தை உங்கூட ஆடும்போது மட்டும் ஏன் இப்படி ஆடுறாங்க?'ன்னு கேட்டா. பயம்தான், வேற என்ன. அவுக பேருக்குப் பக்கத்துல ஒரு தங்கக் கிரீடம் படம் போட்டிருக்கும். எனக்கு அது இன்னும் வரல. அவுக எனக்கு முன்னாடி சேந்தவுக, சீனியாரிட்டி பாத்துக் குடுப்பாங்க போல.

இப்படி இருக்கையில உலகு உண்டானா. சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். தலைப்பிரசவம்னா அம்மா வீடுதான, எங்க ஊரானாலும் சரி அவுக ஊரானாலும் சரி. அவுக பக்கம் ஒம்பதாம் மாசம் கட்டுச்சோத்து விருந்துன்னு வைப்பாக. பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க ஏழு வகைச் சோறு கட்டிக்கிட்டு அங்க போவணும். சாப்பாடு முடிஞ்சதும் பிள்ளைக்கு வளையல் அடுக்கி, கையோட எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். குழந்தை பெறந்து மூணு மாசம் வரைக்கும் அம்மா வீட்லதான். அந்த மூணு மாசத்துக்காக நான் எத்தனை மாசமாக் காத்துக் கிடந்தேன் தெரியுமா. ஒரு புதுப் பாலிசி பிடிக்கல. கேட்டவங்ககிட்டயும் பொங்கலுக்கு அப்புறம் பாப்போம்னுட்டேன்.

ஏழாம் மாசம் சம்பந்தியம்மா போன் பண்ணி, 'ஆஸ்பத்திரி நம்ம வீட்ல இருந்து அஞ்சு நிமிசமுங்க சம்பந்திங்க, மொதல்ல இருந்து பாக்கிற டாக்டரம்மா இங்கதான் இருக்காங்க. எதுக்கும் நீங்க பாத்துச் சொல்லுங்க'ன்னாக. நேரடியா இங்கயே வச்சுக்கலாம்னு சொல்லுவாகளா, சொல்ல மாட்டாக. நானும் விடுவேனா, 'உங்களுக்கு எது தோதோ அப்படிச் செய்ங்க மதினி, எங்க ஊர்லயும் நல்ல டாக்டர் இருக்காக, சும்மா சொன்னேன்'னேன். 'உங்க இஷ்டமுங்க.' 'இல்ல மதினி, உங்க இஷ்டம்தான்.' இப்படியே மூணு வாரம் ஓடுச்சு. பொண்ணைக் குடுத்தவங்க நாங்க, எடுத்தெறிஞ்சு பேச முடியுமா? அவுகளும் பேச மாட்டாக. இதுக்கு நடுவுல அவுக ஒண்ணு சொன்னாக, அப்ப நீங்களும் வந்து இங்கயே இருந்துருங்களேன்னு. நான் காதுலயே வாங்கல. எங்க குடும்பத்துல பொண்ணைக் குடுத்த வீட்ல ரெண்டு ராத்திரிக்கு மேல யாரும் தங்குனது கிடையாது. எங்கம்மா தங்கல, எங்க அத்தை தங்கல. நாலு பேரு என்ன பேசுவாங்க?

கடைசில உலகுக்குத்தான் கோவம் வந்துச்சு. 'வயித்துல பிள்ளையோட நான் உக்காந்திருக்கேன், நீங்க ரெண்டு பேரும் உங்க இஷ்டம் உங்க இஷ்டம்னு ஏலம் விட்டுக்கிட்டு இருக்கீங்க. கட்டுச்சோத்து அன்னைக்கு பூதக்களத்துல உக்காந்து தீத்துக்கோங்க. மூணு ஆட்டம். யாரு ரெண்டு ஜெயிக்காங்களோ அவங்க சொல்ற வீட்ல நான் பெத்துக்கிறேன்'னா. சம்பந்தியம்மா உடனே சரிங்கன்னுட்டாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நாப்பத்தொண்ணுல முப்பத்தெட்டு ஜெயிச்சவகிட்ட வந்து மூணு ஆட்டம்னா? நான் அன்னைக்கே வீட்ல உலகுக்கு ரூம் ஒதுக்கி, சுவத்துக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிட்டேன்.

போன வெள்ளிக்கிழமைதான் விருந்து. புளிச்சோறு, தேங்காச்சோறு, கீரைச்சோறு, சக்கரைப் பொங்கல்னு ஏழு அண்டா, வேன்ல வச்சுக் கட்டிக்கிட்டுப் போனோம். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, வளையல் அடுக்கி முடிஞ்சதும் ஹால்ல ஒரு ஜமுக்காளத்தை விரிச்சு என்னையும் அவுகளையும் எதிரெதிரா உக்கார வச்சாக. சுத்தி அறுபது பேரு. மாப்பிள்ளை என் போனையும் அவுக போனையும் பெரிய டிவில தெரியுற மாதிரி எதையோ மாட்டிவிட்டாரு, டிவி எங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் படாத மாதிரி உக்காந்திருந்தோம். உலகு நடுவுல சேர்ல. பச்சைச் சேலை, கை நெறைய வளையலு, அப்படி ஒரு அழகு. எனக்குக் கண்ணே பட்டுரும்போல இருந்துச்சு.

மொத ஆட்டம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. என்னத்தச் சொல்ல, என் பெரிய அடி அடுத்தடுத்து மூணு தரம் தவறிருச்சு. மூணும் தவறணும்னா நூத்துல மூணு தரம்கூட நடக்காது, இன்சூரன்ஸ்காரிக்கு இது தெரியாதா. எனக்குன்னு நடந்துச்சு. உலகு காதுக்குள்ள, 'சின்ன அடி ஒண்ணு போட்டிருந்தாலே அது விழுந்திருக்கும்மா'ன்னா. அறுபது பேரு பாக்கையில சின்ன அடி அடிக்கச் சொல்லுதா. அன்னைக்கு அவுக விரலு ஓடுன வேகத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. நான் எதை எறக்கப் போறேன்னு நான் நினைக்கிறதுக்கு முன்னாடி அவுக அதுக்கு மாத்தை எறக்கி வச்சிருந்தாக. இப்படியும் ஒருத்தருக்கு அதிர்ஷ்டம் அடிக்குமான்னு இருந்துச்சு.

வெள்ளை அடிச்ச ரூமு, போட்ட தொட்டில் கொக்கி, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. உலகைப் பாத்தேன். அவ அவ மாமியாரைப் பாத்துக்கிட்டு இருந்தா.

ரெண்டாவது ஆட்டத்துல நான் நிதானத்துக்கு வந்துட்டேன். பழைய ஆட்டம் திரும்பிருச்சு. அவுக நெருப்புக்கு எதிர்ல நான் லாரித்தண்ணியை எறக்குனேன். வேற யாராவதுன்னா மரத்துக்கு மாத்தியிருப்பாங்க. அவுக நெருப்பை வச்சிக்கிட்டே நின்னாக. நிப்பாகன்னு எனக்குத் தெரியும். அணைச்சேன். அதுக்கடுத்தும் அப்படித்தான். எங்க ஆளுங்க கை தட்டுனாங்க, எங்க வீட்டுக்காரரு மட்டும் மூலையில உக்காந்து சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

மூணாவது ஆட்டம். இப்ப சொல்லப் போறதை நல்லாக் கேட்டுக்கோ, உனக்கு உதவும். ஆளுக்கு ரெண்டு பூதம் விழுந்துருச்சு, ஒண்ணு ஒண்ணுதான் மிச்சம். என்கிட்டத் தீப்பெட்டி, அதுவும் கால்வாசி உசிரு. அவுககிட்டத் தண்ணிப் பூதம், முக்கால்வாசி உசிரோட. அதுக்கு அத்திக்கடவுன்னு பேரு வச்சிருந்தாக, அவுக ஊருக்கு அறுபது வருசம் கேட்டுக்கேட்டு வந்த தண்ணியாம். என் நெருப்புக்கு எதிர்ல அவுக தண்ணி. சின்ன அடி ஒண்ணு அவுக அமுக்குனா ஆட்டம் முடிஞ்சிருச்சு.

நான் பெரிய அடியை அமுக்கிட்டு அவுக மூஞ்சியையே முறைச்சுப் பாத்தேன். அவுக என்னைப் பாத்தாக, உலகைப் பாத்தாக, அமுக்குனாக. என்ன அமுக்குனாக தெரியுமா? கேடயம். அடிக்க வேண்டிய நேரத்துல கேடயம் பிடிச்சிட்டாக. என் அடி கேடயத்துல பட்டுப் போச்சு. அடுத்த தரம் நான் மறுபடியும் பெரிய அடி. அவுக மறுபடியும் கேடயம். தொடர்ந்து பிடிச்சா கேடயம் பாதி நேரம் உடைஞ்சிரும், அது உனக்குத் தெரியும்ல? உடைஞ்சிருச்சு. நெருப்படிங்கிறதால தண்ணி காலியாகல, ஆனா அத்திக்கடவுக்குப் பாதிக்கு மேல போச்சு. மூணாந்தரமும் அவுக கேடயம்தான். 'பெரியம்மா'ன்னு மாப்பிள்ளையோட சித்தி பொண்ணு ஒருத்தி தலையில அடிச்சிக்கிட்டா. உடைஞ்சுச்சு, பட்டுச்சு, அத்திக்கடவு காலி. நெருப்பை வச்சுத் தண்ணியை ஜெயிச்சவ பாப்பா நான். இந்த ஆட்டத்துல எவளும் செஞ்சிருக்க மாட்டா. என் முறைப்பைப் பாத்து அவுகளுக்கு உதறல் எடுத்துருச்சு.

இப்பத்தான் என் கெட்ட நேரம் வருது.

சம்பந்தியம்மா போனைக் கீழ வச்சிட்டு, மெல்லிசாச் சிரிச்சிக்கிட்டு, 'நீங்க ஜெயிச்சுட்டீங்க சம்பந்திங்க. அம்மிணியைக் கூட்டிட்டுப் போங்க'ன்னாக. அவுக மாமனாரு, நாத்தனாரு எல்லாரும் தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காக. சபையில பொண்ணு வீடு ஜெயிச்சு மாப்பிள்ளை வீடு தோத்து நிக்கிறது நல்லாவா இருக்கும்? நான் அப்படியே ரொம்ப சந்தோசம்னு பையைத் தூக்கிக்கிட்டா, நாளைக்கு என் மகளைப் பாத்து உங்கம்மா அல்பம்னு பேச மாட்டாங்களா? ஒரு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ல. சொன்னேன். 'ஜெயிச்சா என்ன மதினி, உங்க வீடு வேற எங்க வீடு வேறயா. பிள்ளை இங்கயே இருந்து பெத்துக்கட்டும்'னேன்.

இதுக்கு ஒரு முறை இருக்குல்ல? நான் சொன்னா அவுக 'அதெல்லாம் வேண்டாமுங்க'ன்னு சொல்லணும். நான் 'அட இருக்கட்டும்'பேன். அவுக 'இல்லீங்க, ஜெயிச்சது நீங்க'ன்னு சொல்லணும். நான் 'சரி, நீங்க இவ்வளவு சொல்றதால'ன்னு பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வேன்ல ஏறணும். எங்க ஊர்ல ஒரு டம்ளர் காபிக்கே இது மூணு சுத்து நடக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு இப்படித்தான் சொல்லுவாங்க. அடிச்சுச் சொல்லுவேன்.

அவுக, 'சரிங்க'ன்னுட்டாக.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. நான் வாயைத் திறந்தது மூடல, அதுக்குள்ள அவுக எந்திரிச்சு குங்குமச் சிமிழை எடுத்து என் நெத்தில வச்சு, 'ஜெயிச்சும் விட்டுக் குடுக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணுமுங்க'ன்னு கையைப் பிடிச்சிக்கிட்டாக. அறுபது பேரும் கை தட்டுதாங்க. ஒரு பெரியவரு வந்து, 'இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும்'னு என் காலுல விழாத குறை. இதுக்கு மேல நான் எந்த வாயால இல்லங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லட்டும்? அந்த அஞ்சு சதவீதம் எனக்குன்னு வந்து விழுந்துச்சு பாரு. உலகு முந்தானையை எடுத்து வாயை அழுத்திக்கிட்டா, தோளு ரெண்டும் குலுங்குது. பாவம், அம்மாகூட வர முடியலைன்னு அத்தனை பேருக்கு முன்னாடி அடக்கிக்கிட்டா.

பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போனவ ஏழு காலி அண்டாவைக் கூட்டிட்டு வந்தேன். வேன்ல எங்க வீட்டுக்காரரு தாராபுரம் வரைக்கும் பேசாம வந்துட்டு, 'கூட்டிட்டு வரத்தான போனோம்?'னாரு. வீட்டுக்கு வந்து அந்த வெள்ளை அடிச்ச ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். நாலு நாளு பூதக்களத்தைத் தொடல. சோறு எறங்கல. ஜெயிச்சவ நான், பிள்ளை அங்க. இதை யாருகிட்டப் போய்ச் சொல்லி ஆறுறது?

முந்தாநாள் காலைல சம்பந்தியம்மா போன் பண்ணுனாக. எப்படி இருக்கீங்க, அப்படி இப்படின்னு பேசிட்டு, 'அம்மிணி உங்களையே நினைச்சுக்கிட்டு இருக்கறாளுங்க. நீங்களும் இங்க வந்து மூணு மாசம் இருந்துட்டீங்கன்னா எங்களுக்கும் ஒத்தாசையா இருக்குமுங்க'ன்னாக. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதாக. எனக்குத் தெரியாதா? நான் 'அதெல்லாம் எப்படி மதினி'ம்பேன், அவுக இன்னொரு தரம் சொல்லுவாக, நான் இன்னொரு தரம் வேண்டாம்பேன், போனை வச்சிருவாக. அதான முறை. அவுக வெள்ளிக்கிழமை எனக்குச் செஞ்சது ஞாபகம் வந்துச்சு. அந்த முறையை மொதல்ல உடைச்சது யாரு?

'சரிங்க'ன்னேன்.

அவுக பாஷையிலயே சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ போனைப் பொத்துன மாதிரி இருந்துச்சு. ஆடிப் போயிட்டாக. எங்கம்மா தங்காத வீட்ல, எங்க அத்தை தங்காத வீட்ல நான் தங்கப் போறேன், பேசுற நாலு பேரு பேசிக்கிடட்டும். என் பிள்ளை வலியில அம்மான்னு கூப்பிடும்போது நான் அங்க இருப்பேன்ல, அது போதும் எனக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம் யாரோ கை தட்டுற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் கேட்டுச்சு. டிவியா இருக்கும். அப்புறம் அவுக ஒரு மாதிரிக் குரல்ல, 'ரொம்ப சந்தோசமுங்க, எப்பங்க வாரீங்க?'ன்னாக. மாட்டிக்கிட்டாக பாப்பா, வசமா மாட்டிக்கிட்டாக. நாளைக் கழிச்சு வாரேன்னேன். இதோ வந்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரரைத் தீப்பெட்டி ஆபீஸ் கேன்டீன்ல சாப்பிட்டுக்கச் சொல்லிட்டேன்.

இரு, போன் அடிக்குது. அவுகதான், நூறு ஆயுசு. சொல்லுங்க மதினி. ஆமா, தாராபுரம் தாண்டியாச்சு. சாப்பிட்டேன், ஒட்டன்சத்திரத்துல பஸ்ஸை நிப்பாட்டுனாங்க. என்னது? எதுக்கு மதினி இதெல்லாம், எனக்கு ஒரு பாய் போதாதா. அப்படியா. எப்ப வாங்குனீக? ஓ. சரி சரி. அவளை மாடி ஏற வேண்டாம்னு சொல்லுங்க. வச்சிருதேன்.

கேட்டுக்கிட்டியா? மாடி ரூமுல எனக்குன்னு கட்டிலு மெத்தையெல்லாம் போட்டு வச்சிருக்காகளாம். எப்ப வாங்குனீகன்னு கேட்டேன், கட்டுச்சோத்து விருந்துக்கு முந்துன வாரமே வந்துருச்சுங்கன்னு உளறிட்டாக. நான் சரின்னு சொன்னதே முந்தாநாள்தான். இடுப்பு வலி இருக்கிறவங்களுக்குன்னு கெட்டியாப் பாத்து வாங்குன மெத்தையாம், உலகுதான் கூடப் போயிப் படுத்துப் பாத்து எடுத்தாளாம். அவுக சொந்தத்துல யாரோ இடுப்பு வலிக்காரிக்கு வாங்கி வச்சிருக்காக, பாவம். நான் திடுதிப்புன்னு வாரேன்னதும் வேற வழியில்லாம அதைத் தூக்கி எனக்குப் போட்டுட்டு, எனக்குன்னு வாங்குன மாதிரி பேசுதாக. நான் கண்டுக்கிட்ட மாதிரி காட்டிக்கல. எனக்கும் இடுப்பு வலிதான், பொருத்தமாப் போச்சு.